ஏணியில் ஏறியது யார்? வெள்ளை மாளிகை எரிந்த நாளில் தப்பியவையும் தப்பாதவையும்

கேள்வி இது: "1814-ல் பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகருக்குள் புகுந்து வெள்ளை மாளிகையைக் கொளுத்தியது. அப்போது அதிபரின் மனைவி டாலி மேடிசன், ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய ஓவியத்தைக் கத்தியால் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு தப்பினார் என்று படித்தேன். இது உண்மையா? அன்றைக்கு வேறு என்னவெல்லாம் காப்பாற்றப்பட்டன?"

ஓவியம் தப்பியது உண்மை. அதைக் காப்பாற்றியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் டாலி என்பதும் உண்மை. கத்தி, வெட்டு, சுருட்டல் மூன்றும் பிற்பாடு சேர்ந்தவை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கிய கைகள் வேறு. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும் என்பதால்தான் இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சூழ்நிலை. 1812 ஜூனில் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் கனடாவின் யார்க் நகரைப் பிடித்தன. இன்றைய டொரொன்டோதான் அது. அங்கிருந்த சட்டமன்றக் கட்டடங்கள் எரிக்கப்பட்டன. அந்தக் கணக்கு பிரிட்டிஷ்காரர்கள் மனதில் இருந்தது. 1814 ஆகஸ்ட் 19-ஆம் தேதி, தளபதி ராபர்ட் ராஸ் தலைமையில் சுமார் 4,500 வீரர்கள் மேரிலாந்தில் பெனடிக்ட் என்ற ஊரில் கரையிறங்கினார்கள். கூடவே கடற்படைத் தளபதி ஜார்ஜ் காக்பர்ன். தலைநகரைக் கொளுத்தவேண்டும் என்பதில் அதிகத் துடிப்பாக இருந்தவர் இவர்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஜான் ஆர்ம்ஸ்ட்ராங், எதிரி வாஷிங்டனுக்கு வரமாட்டான், பால்டிமோருக்குத்தான் போவான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். பணமும் வணிகமும் துறைமுகமும் பால்டிமோரில் இருக்கும்போது, பாதி கட்டிமுடித்த இந்தச் சிற்றூரில் அவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் வாதம். வாஷிங்டன் அப்போது சில ஆயிரம் பேர் மட்டுமே வசித்த ஊர் என்பதால் அந்த வாதத்தில் தர்க்கம் இருந்தது. ஆனால் எதிரிக்கு வேண்டியிருந்தது பணமில்லை, அவமானப்படுத்த ஓர் இடம். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு இது புரியாமல் போனதன் விலை என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதிபர் ஜேம்ஸ் மேடிசன் 22-ஆம் தேதி படையைப் பார்க்கப் போனார். போகும்போது மனைவியிடம், நான் வரும்வரை தனியாக இருக்கத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டார். உன்னையும் பார்த்துக்கொள், அமைச்சரவைக் காகிதங்களையும் பார்த்துக்கொள் என்றும் சொன்னார். பிறகு அவரிடமிருந்து பென்சிலில் எழுதிய இரண்டு சீட்டுகள் வந்தன. இரண்டாவது சீட்டு கலவரமானது: எதிரி நாம் நினைத்ததைவிட பலமாக இருக்கிறான், எந்த நொடியும் வண்டியேறத் தயாராக இரு. டாலி கையில் கிடைத்த அமைச்சரவைக் காகிதங்களைப் பெட்டிகளில் திணித்தார். ஒரு குதிரைவண்டி நிறைந்தது. சொந்தச் சாமான்களை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. அவை போனால் போகட்டும் என்று தன் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். மாளிகையைக் காக்க நிறுத்தியிருந்த நூறு பேரும் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 24, புதன்கிழமை. விடிந்ததிலிருந்து டாலி தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வடகிழக்கே சில மைல் தூரத்தில் பிளேடன்ஸ்பர்க்கில் சண்டை. பீரங்கிச் சத்தம் மாளிகைவரை கேட்டது.

அப்போது வீட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பால் ஜென்னிங்ஸ் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 15. மேடிசன் குடும்பத்தின் அடிமை. வர்ஜீனியாவில் அவர்களுடைய மான்ட்பிலியர் பண்ணையில் பிறந்து, அதிபரோடு தலைநகருக்குக் கொண்டுவரப்பட்டவர். அன்று மதியம் 3 மணிக்கு விருந்துக்கு உத்தரவாகியிருந்தது. அமைச்சர்களும் சில ராணுவ அதிகாரிகளும் வருவதாக ஏற்பாடு. ஜென்னிங்ஸ் மேசை போட்டார். நிலவறையிலிருந்து ஏல், சைடர், ஒயின் எல்லாவற்றையும் எடுத்துவந்து குளிரவைத்தார். பீரங்கி முழங்கும்போது விருந்துக்கு மேசை போடுவதா என்று நமக்குத் தோன்றும். வெல்வோம், வெற்றியோடு வருபவர்கள் பசியோடு வருவார்கள் என்ற எண்ணம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

3 மணி வாக்கில், அதிபருடன் போயிருந்த ஜேம்ஸ் ஸ்மித் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் தொப்பியை ஆட்டிக்கொண்டு குதிரையில் பாய்ந்து வந்தார். "கிளம்புங்கள், கிளம்புங்கள்! ஆர்ம்ஸ்ட்ராங் பின்வாங்க உத்தரவு போட்டுவிட்டார்!" அவ்வளவுதான், போட்டது போட்டபடி கிளம்பவேண்டிய நிலைமை.

இங்கேதான் ஓவியம் வருகிறது.

கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்த, வாஷிங்டனின் முழு உருவப் படம் அது. கிட்டத்தட்ட 8 அடி உயரம், 5 அடி அகலம். கறுப்பு உடையில் நிற்கும் வாஷிங்டன் வலது கையை முன்னால் நீட்டியிருப்பார், இடது கையில் உறையிட்ட வாள். பக்கத்து மேசையில் மைக்கூடும் இறகுப் பேனாவும். வலது மேல்மூலையில் வானவில்லின் ஒரு துண்டு. மேசைக் காலோரம் சாய்ந்திருக்கும் ஒரு தடித்த புத்தகத்தின் முதுகில் நாட்டின் பெயர் எழுதியிருக்கும், அதில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கும். 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்பதில் 'ஸ்டேட்ஸ்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'சேட்ஸ்' என்று படிக்கும்படி ஆகிவிட்டது. ஸ்டூவர்ட் இதே தோற்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் செய்திருந்தார். மாளிகையில் இருந்தது ஒரு பிரதிதான். 1800-ல் 800 டாலருக்கு வாங்கப்பட்டது.

சரி, பிரதிக்காகவா உயிரைப் பணயம் வைப்பது? இந்தக் கேள்வி நியாயமானது, அந்தக் காலத்திலேயே எழுந்திருக்கும். கலைப்பொருளாகப் பார்த்தால் ஈடுசெய்யக்கூடிய இழப்புதான். ஸ்டூவர்ட் அப்போது உயிரோடு இருந்தார், இன்னொன்று வரையச் சொல்லலாம். ஆனால் அந்த வீட்டை எரிக்க வருகிறவன் யார் என்று பாருங்கள். வாஷிங்டன் யாரை எதிர்த்துப் போராடி நாட்டை விடுவித்தாரோ, அதே அரசனின் படை. அந்தப் படம் லண்டன் தெருவில் வெற்றிப்பொருளாக ஊர்வலம் போனால் எப்படி இருக்கும்? டாலிக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் வாஷிங்டன் நகரத்து அரசியலை விருந்து மேசையில் வைத்தே படித்தவர். எந்தப் பொருளுக்கு எந்தக் கண் எவ்வளவு மதிப்புப் போடும் என்று அவருக்குத் தெரியும்.

படம் சும்மா ஆணியில் மாட்டியிருக்கவில்லை. அதன் வெளிச்சட்டம் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. கூட்டிப்போக வந்திருந்த குடும்ப நண்பர் சார்லஸ் கரோல் பொறுமையிழந்து கோபப்பட்டுக்கொண்டிருந்தார். திருகாணிகளைக் கழற்ற நேரம் போதவில்லை. சட்டத்தை உடைத்துப் படத்தை எடுங்கள் என்று டாலி உத்தரவிட்டார். உடைத்தார்கள். உள்ளே கித்தானை இழுத்துக் கட்டியிருந்த மரச்சட்டத்தோடு படம் முழுசாக வெளியே வந்தது. கித்தானில் கத்தி படவே இல்லை. பிற்காலத்தில் பழுதுபார்ப்புக்காக ஓரங்களைச் சோதித்தபோதும் வெட்டிய தடயம் எதுவும் கிடைக்கவில்லை. 8 அடிப் படத்தை மரச்சட்டத்தோடு ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு ஓடமுடியாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, யார் செய்தது? ஜென்னிங்ஸ் 1865-ல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறார். திருமதி மேடிசன் படத்தை வெட்டியெடுத்துக்கொண்டு போனார் என்று அச்சில் வருவது முழுப்பொய், அவருக்கு அதற்கு நேரமில்லை, அதை இறக்க ஏணி வேண்டும், அவர் எடுத்துப்போனது தன் கைப்பையில் கொண்ட வெள்ளிச் சாமான்களை மட்டும்தான் என்கிறார். படத்தை இறக்கியவர்கள் பிரெஞ்சுக்காரரான வாயில்காவலர் ழான் பியேர் சியூசா, தோட்டக்காரர் மெக்ரா. அவர்கள்தான் பெரிய வெள்ளிக் கலசங்களோடு சேர்த்து அதை ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

இந்த சியூசாவை எல்லோரும் 'பிரெஞ்சு ஜான்' என்று கூப்பிடுவார்கள். அதற்கு முந்தைய நாள் இவர் டாலியிடம் ஒரு யோசனை சொன்னார்: வாசல் பீரங்கியைச் செயலிழக்க வைத்துவிடுகிறேன், வீட்டுக்குள் வெடிமருந்தை வரிசையாகக் கொட்டிவைக்கிறேன், பிரிட்டிஷ்காரர்கள் உள்ளே கால் வைத்ததும் வெடிக்கட்டும். டாலி வேண்டாம் என்றுவிட்டார். போரிலும் எல்லாவற்றையும் செய்துவிடக்கூடாது என்று அவருக்குப் புரியவைக்கவே முடியவில்லை என்று கடிதத்தில் எழுதுகிறார். எல்லோரும் போனபின் இதே ஜான்தான் டாலியின் பஞ்சவர்ணக் கிளியைத் தூக்கிக்கொண்டுபோய், பிரெஞ்சுத் தூதர் தங்கியிருந்த ஆக்டகன் மாளிகையில் பத்திரமாக விட்டுவந்தார். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

இதை வைத்து டாலி பொய் சொல்லிவிட்டார் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அது அநியாயம். சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் "உத்தரவிட்டேன்" என்றுதான் இருக்கிறது. நமக்குக் கிடைத்திருப்பது அந்தக் கடிதத்தின் மூலம் இல்லை. இருபது ஆண்டு கழித்து, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை வரப்போகிறது என்று தெரிந்து அவரே எடுத்துக்கொடுத்த பிரதி. அதனால் அதைக் கொஞ்சம் கவனமாகத்தான் படிக்கவேண்டும். ஆனால் அப்படி நிதானமாக எழுதிய பிரதியில்கூட அவர் தன் கையில் கத்தியைக் கொடுத்துக்கொள்ளவில்லை. 1848-ல், சார்லஸ் கரோலின் மகன் என் தந்தைதான் காப்பாற்றினார் என்று கிளம்பியபோது, டாலி ராபர்ட் டி பெய்ஸ்டர் என்பவருக்கு எழுதிய கடிதம் இன்னும் தெளிவு. சுவரிலிருந்து எப்படி எடுக்கவேண்டும் என்று என் வேலைக்காரர்களுக்குச் சொன்னேன், எடுத்துமுடிக்கும்வரை அவர்களோடு நின்றேன் என்கிறார். அந்த டி பெய்ஸ்டரும் ஜேக்கப் பார்க்கர் என்பவரும்தான் படத்தைப் பொறுப்பேற்று நகரத்துக்கு வெளியே கொண்டுபோய், மேரிலாந்தில் ஒரு பண்ணைவீட்டில் ஒப்படைத்தவர்கள். சில வாரம் கழித்துப் பார்க்கர் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆக டாலி மறைக்கவில்லை. "என் வேலைக்காரர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் சியூசாவையும் மெக்ராவையும் ஜென்னிங்ஸையும் அடக்கிவிட்டார், அவ்வளவே. பின்னால் வந்த பத்திரிகைகளும் பாடப்புத்தகங்களும் அந்தச் சொல்லையும் தூக்கிப்போட்டுவிட்டன.

படம் பிரபலமாகிவிட்டதால் அன்றைய மீட்பு வேலைகளில் ஆகப் பெரியது பேச்சில் அடிபடுவதே இல்லை. அதைச் செய்தவர் ஸ்டீபன் பிளெசன்டன், வெளியுறவுத் துறையில் ஒரு குமாஸ்தா. வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மன்றோ தானே குதிரையேறி எதிரியின் நடமாட்டத்தை வேவு பார்த்துவிட்டு, ஆவணங்களைக் காப்பாற்றுங்கள் என்று சீட்டு அனுப்பினார். பிளெசன்டன் கடைக்குப் போய் முரட்டு லினன் துணி வாங்கினார். அதை ஆவணங்களின் அளவுக்குப் பைகளாகத் தைக்கவைத்தார். விடுதலைப் பிரகடனம், அரசியலமைப்புச் சட்டம், வெளிநாட்டு ஒப்பந்தங்கள், வாஷிங்டனின் கடிதப் போக்குவரத்து என்று கட்டிக்கொண்டிருந்தபோது ஆர்ம்ஸ்ட்ராங் அந்த வழியாக வந்தார். தேவையில்லாமல் பீதி கிளப்புகிறீர்கள், பிரிட்டிஷ்காரர்கள் இங்கே வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை என்றார். வந்தால் போய்விடுமே, எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்று பிளெசன்டன் பதில் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். போர்த்துறைச் செயலர் வேண்டாம் என்கிறார், ஒரு குமாஸ்தா கையை நிறுத்தாமல் மூட்டை கட்டுகிறார். இந்தக் கதையில் எனக்கு மறக்கவே மறக்காத காட்சி அதுதான்.

மூட்டைகளை வண்டிகளில் ஏற்றி பொட்டோமாக் ஆற்றைத் தாண்டி, ஆள் இல்லாத ஒரு மாவு ஆலையில் இறக்கினார். இறக்கிய பிறகுதான் உறைத்தது: எதிர்க்கரையில் பீரங்கி வார்க்கும் பட்டறை இருக்கிறது. எதிரி அதைத் தேடி நிச்சயம் வருவான், யாராவது ஆலையைக் காட்டிக்கொடுத்துவிட்டால்? அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் வண்டி பிடித்து மறுபடியும் எல்லாவற்றையும் ஏற்றினார். 35 மைல் தள்ளி லீஸ்பர்க் என்ற ஊரில் காலியாக இருந்த ஒரு வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியை உள்ளூர்ப் பாதிரியார் ஒருவரிடம் கொடுத்தார். அலுப்பில் சீக்கிரமே படுத்து அயர்ந்து தூங்கிவிட்டார். தலைநகரம் எரிந்த செய்தி காலையில்தான் அவருக்குத் தெரிந்தது. அவருடைய அலுவலகம் இருந்த கட்டடமும் மறுநாள் எரிந்தது.

அன்றைக்கு எல்லாத் துறையிலும் ஒரு பிளெசன்டன் இருந்துவிடவில்லை. செனட்டில் லூயிஸ் மேச்சென் என்ற இளம் குமாஸ்தாவும் டோபியாஸ் சிம்ப்சன் என்ற கறுப்பினத் தூதுப் பணியாளரும் சேர்ந்து ஒரு வண்டியைப் பிடித்து, செனட்டின் ரகசிய நடவடிக்கைக் குறிப்புகளை ஏற்றிப் போனார்கள். வழியில் சக்கரம் உடைந்து, பிறகு வண்டியே கவிழ்ந்து, அப்படியும் கொண்டுசேர்த்தார்கள். பிரதிநிதிகள் சபையில் நிலைமை மோசம். தலைமைக் குமாஸ்தா ஊரிலேயே இல்லை. ஊரில் இருந்த வண்டிகளையெல்லாம் ராணுவமும் ஓடிப்போன மக்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது ஒரு மாட்டுவண்டியும் நான்கு எருதுகளும். முடிந்ததை ஏற்றினார்கள், மீதி எரிந்தது. நாடாளுமன்ற நூலகத்தின் சுமார் 3,000 புத்தகங்களும் போயின. அதை ஈடுகட்டத்தான் 1815-ல் தாமஸ் ஜெஃபர்சனின் சொந்த நூலகத்தில் இருந்த 6,487 நூல்களை 23,950 டாலருக்கு வாங்கினார்கள்.

மாளிகைக்குத் திரும்புவோம். டாலி போனதற்கும் பிரிட்டிஷ்காரர்கள் வந்ததற்கும் நடுவே சில மணி நேரம் வீடு திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் உள்ளூர்க் கூட்டமே உள்ளே புகுந்து வெள்ளிச் சாமான்களை அள்ளிக்கொண்டு போனது என்று ஜென்னிங்ஸ் சொல்கிறார். எதிரி வருவதற்கு முன்பே நம்மவர்கள் கைவைத்துவிட்டார்கள் என்பதை அமெரிக்கர்கள் அதிகம் பேசுவதில்லை. இரவில் காக்பர்னும் ராஸும் ஆட்களோடு வந்தார்கள். ஜென்னிங்ஸ் போட்ட மேசை அப்படியே இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒயின் குடித்தார்கள். அதிபரின் தொப்பியையும் டாலியின் நாற்காலியில் இருந்த மெத்தையையும் நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலி மேசைகளைக் குவித்துத் தீவைத்தார்கள். மறுநாள் வந்த புயல்மழை நகரத்துத் தீயை அடக்கியது, ஆனால் மாளிகையில் கற்சுவர்கள் மட்டுமே மிஞ்சின. முதலில் கட்டிய ஜேம்ஸ் ஹோபனே மறுபடியும் கட்டினார். 1817-ல் மன்றோ அதிபராகக் குடியேறினார். அன்று தூக்கிச் சென்ற ஒரு சிறிய மர மருந்துப் பெட்டி 125 ஆண்டு கழித்து, 1939-ல் திரும்பி வந்தது. கனடாக்காரர் ஒருவர், என் தாத்தா எடுத்துவந்தது என்று சொல்லி அதிபர் ரூஸ்வெல்ட்டிடம் கொடுத்தார்.

ஆர்ம்ஸ்ட்ராங் சில நாளில் பதவி விலக வேண்டியதாயிற்று. பிரகடனமும் அரசியலமைப்பும் இன்று வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஜென்னிங்ஸ் என்ன ஆனார் என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மேடிசன் 1836-ல் சாகும்போது ஜென்னிங்ஸ் பக்கத்தில் இருந்தார். விதவையான டாலி கடனில் மூழ்கினார். 1846-ல் ஜென்னிங்ஸை 200 டாலருக்கு விற்றார். ஓவியத்துக்குக் கொடுத்த விலையில் கால்பங்கு. அடுத்த ஆண்டு செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் 120 டாலர் கொடுத்து அவரை விடுவித்தார், மாதம் 8 டாலர் கணக்கில் வேலை செய்து கடனை அடைக்கவேண்டும் என்ற ஏற்பாட்டில். சுதந்திர மனிதராக இருந்த அந்த நாட்களில், டாலி சாப்பாட்டுக்கே சிரமப்படுகிறார் என்று தெரிந்து, வெப்ஸ்டர் ஜென்னிங்ஸ் கையில் கூடை நிறைய சாமான்கள் கொடுத்தனுப்புவார். ஜென்னிங்ஸ் சில சமயம் தன் சொந்தப் பணத்திலிருந்தும் சிறுதொகை கொடுத்திருக்கிறார். தன்னை விற்றவருக்கு. இதை அவர் பெருமையாகவும் சொல்லவில்லை, கசப்பாகவும் சொல்லவில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போகிறார். டாலி 1849-ல் இறந்தார்.

ஓவியம் இப்போது வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் தொங்குகிறது, விடுபட்ட எழுத்தோடு. 2009 ஆகஸ்ட் 24 அன்று, சரியாக 195 ஆண்டு கழித்து, ஜென்னிங்ஸின் வம்சாவளியினர் அங்கே அழைக்கப்பட்டு, அந்தப் படத்தின் முன்னால் குடும்பத்தோடு நின்று பார்த்தார்கள்.